சூளைக்குள் எத்தனை டிகிரி? களிமண் சென்சாரில் இருந்து ஆர்டுயினோ வரை

இன்னைக்கு சென்சார் பற்றிப் பேசப் போறோம். ஆனா ஆர்டுயினோவில் ஒரு டிஹெச்டி 11 மாட்டி, ஸ்க்ரீனில் 31 டிகிரின்னு பார்த்து சந்தோஷப்படுற எபிசோடு இல்ல இது. அந்த 31 எங்கிருந்து வந்தது, அதுக்கு 31ன்னு பேர் வைச்சது யாருங்கிற கதை. கதை தொடங்குற இடம் எலக்ட்ரானிக்ஸ் லேப் இல்லை. ஒரு மண்பாண்டச் சூளை.

சூளை ஏன்னா, என் ஊர் ஸ்ரீமுஷ்ணம். கடலூர் மாவட்டம், பூவராகசுவாமி கோயில் ஊர். பூமியையே தூக்கிக்கிட்டு வந்த சாமி இருக்கிற ஊர்க்காரன் மண்ணைப் பற்றிப் பேசாம இருந்தா எப்படி? எங்களுக்கு அடுத்த பெரிய டவுன் விருத்தாசலம். அங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கு, செராமிக் படிப்புக்குன்னே அரசுக் கல்வி நிலையம் இருக்கு. பழைய வீடுகளில் மெயின் போர்டைத் திறந்தா வெள்ளைப் பீங்கானில் ஃபியூஸ் கேரியர் இருக்குமே, அது மாதிரி மின்சாமான்கள், பொம்மைகள், விளக்குகள் செய்யற சின்னச் சின்ன யூனிட்டுகள் அந்தப் பக்கம் உண்டு. நெய்வேலி பக்கத்திலேயே இருக்கறது இதுக்கு ஒரு காரணம். பழுப்பு நிலக்கரிக்கு மேலே மூடியிருக்கிற மண்ணை அகற்றும்போது அதோட களிமண்ணும் வருது.

சரி, சூளையில் என்ன பிரச்சினை? ஒரு சூளை நிறைய சாமான் அடுக்கியாச்சு. மண் பிசைஞ்ச கூலி, வார்ப்பில் ஊத்தின கூலி, காயவைச்ச நாள், எரிபொருள், எல்லாம் உள்ளே இருக்கு. சூடு பத்தலைன்னா பீங்கான் இறுகாது, தண்ணி உறிஞ்சும். தண்ணி உறிஞ்சுற பீங்கானை மின்சாரத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. சூடு அதிகமாச்சுன்னா சாமான் வளைஞ்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ரெண்டு பக்கமும் நஷ்டம்தான். கதவைத் திறந்து பார்க்கவும் முடியாது. அடுத்த நாளோ அதுக்கு அடுத்த நாளோ ஆறினதுக்கு அப்புறம்தான் தெரியும்.

அதனால் உலகம் முழுக்கச் சூளைக்காரங்க செஞ்சது ஒண்ணுதான். ஒரு சின்ன துளை வைச்சு உள்ளே எட்டிப் பார்க்கிறது. மங்கலான சிவப்புன்னா சுமார் 650 டிகிரி. நல்ல பழச்சிவப்புன்னா 800 பக்கம். ஆரஞ்சு தாண்டி மஞ்சள் வந்தா 1,100. வெள்ளை அடிக்க ஆரம்பிச்சா 1,300ஐ நெருங்குது. இங்க சொல்ற எண் எல்லாம் செல்சியஸ். இதில் கண்தான் சென்சார், மூளைதான் மைக்ரோகன்ட்ரோலர். இதை நான் கிண்டலுக்குச் சொல்லலை. கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளை நம்ம மியூசியங்களில் பார்த்திருப்பீங்க. ஒரே பானையில் பாதி கறுப்பு, பாதி சிவப்பு. மண்ணில் இருக்கிற இரும்பு, காற்று கிடைச்ச இடத்தில் சிவந்தது, கிடைக்காத இடத்தில் கறுத்தது. அதைக் கட்டுப்படுத்தத் தெரிஞ்சவங்க 2,000 வருஷத்துக்கு முன்னாடியே இங்க இருந்தாங்க. கையில் ஒரு எண்கூட இல்லாம.

கண்ணில் ஒரு சிக்கல் இருக்கு. பகலில் பார்க்கிற சிவப்பும் ராத்திரி பார்க்கிற சிவப்பும் ஒண்ணில்லை. என் கண்ணுக்குத் தெரியற சிவப்பை உங்களுக்கு மெயில் பண்ணவும் முடியாது. இந்தச் சிக்கலில் மாட்டினவர்தான் ஜோசையா வெட்ஜ்வுட். இங்கிலாந்தில் ஸ்டாஃபர்ட்ஷயர்காரர், பீங்கான் முதலாளி, பின்னாளில் சார்லஸ் டார்வினுக்குத் தாய்வழித் தாத்தா. அவர்கிட்ட இருந்த பாதரசத் தெர்மாமீட்டர் சூளைக்கு ஆகாது. பாதரசம் 357 டிகிரியிலேயே கொதிச்சுடும். கண்ணாடியும் உருகும்.

அவர் என்ன செஞ்சார்னா, களிமண்ணையே சென்சாராக்கினார். சுட்டால் களிமண் சுருங்கும், எவ்வளவு சூடோ அவ்வளவு சுருக்கம். அதனால் ஒரே அளவில் சின்னக் களிமண் துண்டுகள் செஞ்சு, சூளைக்குள் போட்டு எடுத்தார். ரெண்டு பித்தளைச் சட்டங்களை ஒரு முனை அகலமா, மறு முனை குறுகலா இருக்கிற மாதிரி பொருத்தி, நடுவில் அந்தத் துண்டைத் தள்ளினார். எவ்வளவு தூரம் உள்ளே போகுதோ அதுதான் டிகிரி. 1782இல் ராயல் சொசைட்டியில் இதைக் கட்டுரையா கொடுத்தார். அடுத்த வருஷமே அவரை அங்கே உறுப்பினரா சேர்த்துக்கிட்டாங்க.

இதோட நிறுத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா ஜனங்க கேட்பாங்க இல்லையா, உங்க டிகிரி எங்க ஃபாரன்ஹீட்டில் எவ்வளவுன்னு? இடையில் வெள்ளி விரிவடையறதை ஒரு பாலமா வைச்சு அவர் கணக்குப் போட்டார். அவரோட பூஜ்யம் 1,077.5 டிகிரி ஃபாரன்ஹீட். அவரோட ஒவ்வொரு டிகிரியும் 130 டிகிரி ஃபாரன்ஹீட். அதாவது, நம்ம கோடில் எழுதற மாதிரி எழுதினா, ஒரு ஆஃப்செட், ஒரு பெருக்கல். ஒரே வரி. நேர்கோடு.

அந்த நேர்கோட்டை மேலே நீட்டினப்போ வந்த விடைகளைப் பாருங்க. வெள்ளி உருகறது அவர் அளவில் 28 டிகிரி. மாத்தினா 4,717 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 2,600 செல்சியஸ். நிஜத்தில் வெள்ளி 962லேயே உருகிடும். வார்ப்பிரும்பு அவர் அளவில் 130. மாத்தினா 17,977 ஃபாரன்ஹீட். செல்சியஸில் ஏறக்குறைய 10,000! சூரியனோட மேற்பரப்பே சுமார் 5,500தான். வார்ப்பிரும்பு நிஜத்தில் 1,200 பக்கத்தில் உருகுது.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான். எண் இவ்வளவு தப்பா இருந்தும், அந்தக் கருவி சூளைக்காரங்களுக்கு உதவிச்சு. ஏன்? போன வாரம் துண்டு எந்தக் கோட்டில் நின்னதோ, இந்த வாரமும் அதே கோட்டில் நின்னா, சூளை அதே மாதிரி எரிஞ்சிருக்குன்னு அர்த்தம். அவங்களுக்கு அது போதும். அதே அளவு திரும்பத் திரும்ப வர்றது ஒரு குணம். உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது வேறொரு குணம். டேட்டாஷீட்டில் ரெண்டுக்கும் தனித்தனி வரி இருக்கும். நாம ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறோம்.

அந்த முதல் குணமும் அவருக்கு நிலைக்கலை. ஒரே மாதிரி சுருங்கணும்னா ஒரே மாதிரி மண் வேணும். அவர் எடுத்தது கார்ன்வால் மண். அதே இடத்து மண்ணே தோண்டத் தோண்ட வேற மாதிரி நடந்துக்க ஆரம்பிச்சது. நெய்வேலிக் களிமண்ணோட பழகினவங்க யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டாங்க.

நூறு வருஷம் கழிச்சு பெர்லினில், அரசுப் பீங்கான் ஆலையோட ஆய்வுக்கூடத்தில், ஹெர்மன் செகர் என்கிற வேதியியல்காரர் இதே யோசனையை வேற விதமா திருப்பினார். சுருக்கத்தை அளக்க வேண்டாம், விழறதைப் பார்ப்போம்னார். 1886இல் செகர் கூம்புகள் வந்தன. விரல் நீளத்தில் கூர்மையான சின்னக் கூம்புகள். ஒவ்வொண்ணிலும் களிமண்ணும் உருக்கிகளும் கணக்கான கலவை. அடுத்தடுத்த எண்ணுள்ள கூம்புகளுக்கு நடுவே சுமார் 20 டிகிரி இடைவெளி. மூணு கூம்பை வரிசையா துளைக்கு நேரே வைச்சுடுவாங்க. முதல் கூம்பு தலை குனிஞ்சா உஷாராகணும். ரெண்டாவது குனிஞ்சா நெருப்பை நிறுத்தணும். மூணாவது குனிஞ்சா எல்லை தாண்டிட்டோம். அமெரிக்காவில் எட்வர்ட் ஆர்ட்டன் 1896இல் தயாரிக்க ஆரம்பிச்ச கூம்பு வகையை இன்னைக்கும் செராமிக் ஸ்டுடியோக்களில் வாங்கறாங்க.

கூம்பு காட்டறது வெப்பநிலையை இல்லை. நேரமும் சூடும் சேர்ந்த ஒரு கணக்கை. பால் சுண்டறதை நினைச்சுக்கோங்க. அடுப்பு எத்தனை டிகிரின்னு மட்டும் தெரிஞ்சா பால் எவ்வளவு சுண்டியிருக்கும்னு சொல்ல முடியாது, எவ்வளவு நேரம் வைச்சீங்கன்னும் தெரியணும். மண்ணும் அப்படித்தான். மெதுவா சூடேற்றினா கூம்பு குறைஞ்ச வெப்பநிலையிலேயே குனியும், வேகமா ஏத்தினா இன்னும் அதிகம் கேட்கும். சூளைக்குள் இருக்கிற பொம்மையும் அதே மாதிரிதான் வேகுது. அதனால் கூம்பு அந்தப் பொம்மையோட பிரதிநிதி. தெர்மாமீட்டர் அப்படி இல்லை.

இப்ப எலக்ட்ரானிக்ஸ் பக்கம் வரலாம். 1821, மறுபடியும் பெர்லின். தாமஸ் செபெக் ரெண்டு வேற வேற உலோகங்களை வளையமா இணைச்சு, ஒரு இணைப்பைச் சூடாக்கினார். பக்கத்தில் இருந்த காந்த ஊசி திரும்பிச்சு. அவர், வெப்பம் காந்தத்தை உண்டாக்குதுன்னு முடிவு பண்ணி, அதுக்குப் பேரும் வைச்சார். கம்பியில் மின்சாரம் ஓடுது, ஊசி திரும்பறது அதனால்தான்னு எர்ஸ்டெட் எடுத்துச் சொன்னப்புறமும் செபெக் தன் பிடியை விடலை. ஆனாலும் இன்னைக்கு அந்த விளைவுக்கு அவர் பேர்தான்.

அந்த வளையம் தொழிற்சாலைக்கு உருப்படியா வந்து சேர 65 வருஷம் ஆச்சு. 1886 வாக்கில் பாரிஸில் ஆன்றி லெ ஷாட்டெலியே பிளாட்டினம் ஒரு கம்பி, 10 சதவீதம் ரோடியம் கலந்த பிளாட்டினம் இன்னொரு கம்பின்னு எடுத்தார். பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் சமநிலை விதின்னு நம்மளைப் படுத்தின அதே ஆள்தான். அவருக்கு இது ஏன் வேணும்? சிமென்ட், களிமண் இதெல்லாம் சூட்டில் என்ன ஆகுதுன்னு பார்த்துக்கிட்டிருந்தார். மறுபடியும் மண்! அவர் செஞ்ச முக்கியமான காரியம் கம்பியைத் தேர்ந்தெடுத்தது மட்டும் இல்லை. உருகும் வெப்பநிலை ஏற்கனவே தெரிஞ்ச பொருட்களோட ஒப்பிட்டு, இத்தனை வோல்ட் வந்தா இத்தனை டிகிரின்னு அளவைச் சரிபார்த்தார். வெட்ஜ்வுட் நேர்கோடு போட்ட இடத்தில் இவர் புள்ளி புள்ளியா வைச்சுக் கோடு வரைஞ்சார். அந்த வழக்கம் அப்படியே இருக்கு. 1990ஆம் வருஷத்துச் சர்வதேச வெப்பநிலை அளவுகோலில் வெள்ளி உறையற புள்ளி 961.78, தங்கம் 1,064.18, செம்பு 1,084.62. நம்ம நாட்டில் இந்த அளவுகளைப் பராமரிக்கிறது டெல்லியில் இருக்கிற தேசிய இயற்பியல் ஆய்வகம்.

பிளாட்டினம் நம்ம பர்ஸுக்குத் தாங்காது. நாம ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கறது கே டைப். நிக்கலும் குரோமியமும் ஒரு கம்பி, நிக்கலும் அலுமினியமும் இன்னொண்ணு. நிக்கல் குரோமியம் கலவைக்கு அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை வாங்கினார். உங்க வீட்டு அயர்ன் பாக்ஸுக்குள்ளும் டோஸ்டருக்குள்ளும் சிவந்து எரியறது அந்தக் குடும்பத்துக் கம்பிதான்.

மைக்ரோகன்ட்ரோலர் பக்கத்துக் கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும், அதனால் வேகமா சொல்லிடறேன். இத்தாலியில் இவ்ரியான்னு ஒரு ஊர். ஒலிவெட்டி டைப்ரைட்டர் கம்பெனியால் வளர்ந்து, அதோட சேர்ந்து சரிஞ்ச ஊர். ஒரே தொழிலை நம்பின ஊர்னா எப்படி இருக்கும்னு எங்க பக்கத்துக்காரங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே இருந்த டிசைன் கல்வி நிலையத்தில் கொலம்பியா நாட்டு மாணவர் எர்னாண்டோ பர்ரகான் தன் முதுகலை ஆய்வுக்கு வயரிங் என்கிற போர்டைச் செஞ்சார். 2005இல் அதை அடிப்படையா வைச்சு மாசிமோ பான்சியும் கூட்டாளிகளும் இன்னும் மலிவா ஆர்டுயினோவைக் கொண்டுவந்தாங்க. கல்வி நிலையமே மூடப்போகுதுன்னு தெரிஞ்சப்போ, போர்டோட வரைபடத்தை எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. இல்லைன்னா அதுவும் கூடவே செத்திருக்கும். இன்னைக்கு சில நூறு ரூபாய்க்கு நகல் போர்டு கிடைக்கிறது அதனால்தான். அடல் டிங்கரிங் லேப்னு 2016இல் இருந்து பள்ளிக்கூடங்களில் வர்ற கிட்டுகளிலும் இதைப் பார்க்கலாம். ஆனா பர்ரகானுக்குச் சேர வேண்டிய பேர் சேரலைங்கறது என் கருத்து. அவரே அதை விரிவா எழுதியிருக்கார்.

இப்போ கே டைப் கம்பியை நேரா ஆர்டுயினோ ஊனோவோட அனலாக் பின்னில் மாட்டறோம்னு வைச்சுக்கங்க. ஊனோவில் 5 வோல்ட்டை 1,024 படியா பிரிக்கிறாங்க. ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். கே டைப் ஒரு டிகிரிக்குத் தர்றது சுமார் 41 மைக்ரோவோல்ட். வகுத்துப் பாருங்க. ஒரு படிக்கு ஏறக்குறைய 120 டிகிரி! 1,200 டிகிரியில் அந்தக் கம்பி தர்றது 49 மில்லிவோல்ட்கூட இல்லை. குளிர்ந்த சூளையில் இருந்து பீங்கான் வேகற வரைக்கும் மொத்தமே பத்துப் படி. துளையில் எட்டிப் பார்க்கிறவரோட கண் இதை விட நுட்பம்.

அதனால்தான் நடுவில் ஒரு மாட்யூல் வேணும். கடையில் கேட்டதும் கையில் கொடுக்கிறது மேக்ஸ் 6675. கால் டிகிரி நுட்பம், நல்ல சிப். ஆனா அது 1,024 டிகிரியோட நின்னுடும். அகல் விளக்கு, செம்மண் பொம்மை வேகறது 900, 1,000 அளவில், அதனால் அதுக்குச் சரி. மின்பீங்கானுக்கு 1,250க்கு மேலே போகணும், அங்கே இது கண்ணை மூடிக்கும். அடுத்தது மேக்ஸ் 31855. இது 1,300ஐத் தாண்டியும் படிக்கும். எல்லாரும் இதை மாட்டி, லைப்ரரியை இறக்கி, வர்ற எண்ணை நம்பிடறாங்க.

டேட்டாஷீட்டைத் திறந்து பாருங்க. கே டைப்புக்கு ஒரு டிகிரிக்கு 41.276 மைக்ரோவோல்ட்னு ஒரே எண்ணால் அந்தச் சிப் வகுக்குது. நேர்கோடு! 240 வருஷத்துக்கு அப்புறமும் வெட்ஜ்வுட் உள்ளே உட்கார்ந்திருக்கார். நிஜக் கம்பி நேர்கோடு இல்லை, லேசா வளையும். 500லும் 1,000லும் ரெண்டும் ஒத்துப்போகும். 1,200இல் அறை வெப்பத்தையும் சேர்த்து நான் கணக்குப் போட்டா, சிப் காட்டறது 1,184. பதினாறு டிகிரி கம்மி. ரூம் ஏசிக்குன்னா விடுங்க. சூளையில் அது ஏறக்குறைய ஒரு கூம்பு வித்தியாசம். எண்ணை நம்பி 1,200 வரட்டும்னு காத்திருந்தா, உள்ளே இருக்கிற சாமான் அதைத் தாண்டிப் போயிருக்கும். பொம்மையோட மூக்கு சரியறதுக்கு அது போதும். திருத்தறதுக்கு கே டைப்போட முறையான அட்டவணை இருக்கு, கோடில் இருபது முப்பது வரி. ஆனா திருத்தணும்னு தெரிஞ்சாதானே திருத்துவீங்க?

இது தெரியாமலே ஒருத்தர் சூளைக்கு லாகர் செஞ்சு கொடுக்க முடியும், அது பார்க்க அழகாவும் இருக்கும். மொபைலில் கிராஃப் வரும். அதை நம்பி இருபது வருஷமா துளையில் பார்த்துக்கிட்டிருந்தவரை வீட்டுக்கு அனுப்பினா, அந்த நஷ்டம் நம்ம தலையில் விழாது. யூனிட் தலையில் விழும். என் அபிப்பிராயம், முதல் பத்துச் சூளையாவது அவர் சொல்றதையும் சிப் சொல்றதையும் ஒரே நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதணும். கூட ஒரு கூம்பு வைக்கணும். பத்துச் சூளைக்கு அப்புறம் உங்க கிராஃபில் எந்த வளைவு வந்தா அந்தச் சூளையில் எந்தக் கூம்பு விழுதுன்னு ஒரு அட்டவணை கிடைக்கும். அது அந்தச் சூளைக்கு மட்டுமான அட்டவணை, எந்த லைப்ரரியிலும் இருக்காது.

வீட்டில் செஞ்சு பார்க்க நினைக்கிறவங்களுக்குச் சில விஷயம். உருகிக்கிட்டிருக்கிற ஐஸ் தண்ணியில் முனையை வைங்க, பூஜ்யம் பக்கத்தில் வரணும். கொதிக்கிற தண்ணியில் வைங்க, சென்னையில் 100 பக்கம் வரும், ஊட்டியில் 93ஐ ஒட்டித்தான் வரும். அது சென்சார் தப்பு இல்லை, மலையில் தண்ணி முன்னாடியே கொதிக்குது. அப்புறம் ஒயர் நிறம். அமெரிக்க முறையில் கே டைப்புக்கு சிவப்புதான் நெகட்டிவ், மஞ்சள் பாசிட்டிவ். நம்ம பேட்டரிப் பழக்கத்தில் சிவப்பை பிளஸ்ஸில் மாட்டினா, அடுப்பைக் கூட்டக் கூட்ட எண் இறங்கும். மாட்யூல் சூளைச் சுவரில் ஒட்டியிருக்கக் கூடாது. கம்பியோட மறுமுனை எத்தனை டிகிரியில் இருக்குன்னு அந்தச் சிப் தன் உடம்புச் சூட்டை வைச்சுத்தான் கணக்குப் போடுது. 1,250ஐத் தாண்டி அடிக்கடி போற சூளைன்னா, கே டைப் கொஞ்ச நாளில் தன் அளவில் இருந்து நகர ஆரம்பிக்கும். அங்கே லெ ஷாட்டெலியேயோட பிளாட்டினக் கம்பிதான், அதுக்கு மேக்ஸ் 31856 மாதிரி வேற சிப் வேணும்.

இன்னொண்ணு, சூளையை நிறுத்தினதும் லாகரையும் நிறுத்திடாதீங்க. மண்ணில் இருக்கிற குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீர்னு தன் அமைப்பை மாத்திக்கும். சூடேறும்போது லேசா விரியும், ஆறும்போது அதே இடத்தில் சட்டுனு சுருங்கும். நல்லா வெந்த சாமான்கூட அந்த இடத்தை வேகமா கடந்தா விரிசல் விடும். ஆறற கிராஃபில் 600க்கும் 550க்கும் நடுவே கோடு எவ்வளவு செங்குத்தா இறங்குதுன்னு பாருங்க. செங்குத்தா இருந்தா காற்று வர்ற வழியை அடைக்கச் சொல்லுங்க. கையை வைக்கிற சூட்டுக்குச் சூளை வர்ற வரைக்கும் அது ஓடிக்கிட்டே இருக்கட்டும்.